ரபியாவின் கழுத்து

ரபியாவுக்குத் தலைவலி எப்போதும் ஒரே இடத்தில்தான் புறப்படும். வலது காதுக்குப் பின்னால், மண்டை முடிந்து கழுத்து தொடங்கும் அந்தப் பள்ளத்தில். அங்கிருந்து மெல்ல மேலேறி, உச்சியைச் சுற்றிக்கொண்டு, வலது கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் மாலை அஸர் தொழும் நேரம்வரை நகராது.

அறுபத்து நான்கு வயது. சிங்கப்பூரின் பிடோக்கில் பதினோராவது மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். வலி தொடங்கி மூன்று மாதமாகியும் யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. கணவர் நெய்னா முகம்மது லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "தலை லேசா வலிக்குது, ரபியா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பதினொரு மணிக்குக் கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் சாய்ந்தார். மூளையில் இரத்தக் கசிவு. மூன்றாம் நாள் மௌத்தாகிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் 'தலைவலி' என்ற சொல்லையே யாரும் எடுப்பதில்லை.

ஆகவே ரபியா கோடாலித் தைலத்தைப் பிடரியில் தடவி, அதன்மேல் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். காலையில் இரண்டு பனடோல் வலி மாத்திரை, மாலையில் இரண்டு. கண்ணாடிக் கடைக்குத் தனியாகப் போய்ப் புதுக் கண்ணாடியும் மாற்றிப் பார்த்தார். ஒன்றும் மாறவில்லை.

மகள் ருக்ஸானா பொங்கோலில் இருக்கிறாள், தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் தேநீருக்குத் தொட்டுக்கொள்ள பிஸ்கட் டின்னைத் திறந்தாள். உள்ளே பிஸ்கட் இல்லை. காலியான மாத்திரை அட்டைகள் கிடந்தன.

"உம்மா, இது என்ன?"

"பழசும்மா. தூக்கிப் போட மறந்துட்டேன்."

"பழசா? எல்லாம் புது டேட் லா. பதினாலு அட்டை இருக்கு." ருக்ஸானா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "உங்களுக்குத் தலை வலிக்குதா?"

ரபியா இல்லை என்று தலையை ஆட்டப் போனார். வலது பக்கம் பாதியிலேயே கழுத்து நின்றது. முகம் சுளித்துப் போயிற்று. மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"எவ்ளோ நாளா?"

"நோன்புப் பெருநாள் முடிஞ்சதுல இருந்து."

"ஏன் உம்மா சொல்லல?"

"உன் வாப்பாவுக்கும் இப்படித்தானே வந்துச்சு." ருக்ஸானா மாத்திரை அட்டைகளைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போனாள்.

அங்கே இருந்த மருத்துவர் இளம் சீனப் பெண். அவசரமே காட்டாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். இடி விழுந்ததுபோலத் திடீரென்று வந்ததா? தலை சீவும்போது மண்டைத்தோல் வலிக்கிறதா? மெல்லும்போது தாடை வலிக்கிறதா? பார்வை மங்குகிறதா, இரண்டிரண்டாகத் தெரிகிறதா? கை மரத்துப் போகிறதா? நடையில் தள்ளாட்டம் உண்டா? எடை குறைந்ததா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றார் ரபியா. இரத்த அழுத்தம் பார்த்தார்கள், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். நான்காம் நாள் முடிவு வந்தது. பயப்படும்படி ஒன்றும் இல்லை.

"உங்கள் கணவருக்கு வந்தது வேறு, இது வேறு" என்று மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்ல, ருக்ஸானா தமிழில் சொன்னாள். "முதலில் தினமும் மாத்திரை போடுவதை நிறுத்த வேண்டும். அளவுக்கு மீறி விழுங்கினால் மாத்திரையே தலைவலியை வளர்த்துவிடும். இன்னொன்று, இந்த வலி தலையில் பிறப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கழுத்தில் இருந்து வரலாம்."

பிசியோதெரபி பார்ப்பவரிடம் அனுப்பினார்கள். "தலை வலிக்குதுன்னு வந்தா கழுத்தப் பாக்கணும்கறாங்க. நாளைக்கு காலப் பாக்கணும்பாங்க" என்று ரபியா பேருந்து நிறுத்தத்தில் முணுமுணுத்தார்.

பிசியோவின் பெயர் திவ்யதர்ஷினி. முப்பது வயது இருக்காது. "வாங்க ஆன்ட்டி" என்று அவள் கூப்பிட்டதுமே ரபியாவுக்குப் பாதிப் பாரம் இறங்கியது, இனி மகள் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அறையின் மூலையில் ஒரு கம்பியில் பிளாஸ்டிக் முதுகெலும்பு தொங்கியது. அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டுதான் திவ்யதர்ஷினி பேசத் தொடங்கினாள்.

"கழுத்துல மொத்தம் ஏழு எலும்பு. ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழுதான் ஆன்ட்டி, நீளம்தான் கூட. மேல இருக்கற முதல் எலும்பு மோதிரம் மாதிரி, இதுமேலதான் தலை உக்காந்திருக்கு. ஆமான்னு தலையாட்டறீங்கல்ல, அது பெரும்பாலும் இங்க நடக்குது. ரெண்டாவது எலும்புல பாருங்க, ஒரு முளை நீட்டிக்கிட்டிருக்கு. அதச் சுத்தி மோதிரம் திரும்புது. இல்லன்னு ஆட்டறது இங்க."

"என் மகள்கிட்ட மூணு மாசமா 'வலியே இல்ல'ன்னு ஆட்டினது இதுலதானா?"

"அதுலதான்." சிரித்தாள். "படுங்க, உங்களோடத செக் பண்ணுவோம்."

ரபியா மல்லாந்து படுத்தார். திவ்யதர்ஷினி தலையை இரண்டு கையிலும் ஏந்தி, தாடை நெஞ்சைத் தொடும்படி மடக்கினாள். அப்படியே இடப்பக்கம் திருப்பினாள். நன்றாகத் திரும்பியது. வலப்பக்கம் திருப்பினாள். கொஞ்ச தூரத்தில் கதவு நிலையில் முட்டியதுபோல நின்றுவிட்டது. பிறகு விரல் நுனியால் பிடரியின் வலப்பக்கம், மேலேயிருந்து ஒவ்வொரு மூட்டாக மெல்ல அழுத்திக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் வந்ததும் ரபியா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இதேதான்! கண்ணுக்குப் பின்னால வலிக்குது!"

"நான் கண்ணத் தொடவே இல்ல ஆன்ட்டி."

"தெரியும். ஆனா அங்கதான் வலிக்குது."

விரலை எடுத்ததும் கண்ணில் இருந்த வலி மெல்ல வடிந்தது. ரபியா கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் அரிசி மூட்டைகளையே நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். இத்தனை பயமும் ஒரு விரல் தொடும் இடத்தில் இருந்திருக்கிறது.

திவ்யதர்ஷினி திசுத்தாள் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து விளக்கினாள். "கழுத்தோட மேல் மூணு நரம்பும், நெத்தியில கண்ணுல இருந்து வர்ற நரம்பும், மூளைக்குக் கீழ ஒரே இடத்துல போய்ச் சேருது. ரெண்டு கியூ, ஒரே கவுண்டர். எந்தக் கியூவுல இருந்து ஆள் கத்தறாங்கன்னு மூளைக்குச் சரியாத் தெரியாது. அதான் கழுத்துல பிரச்சினைன்னா கண்ணுல வலிக்கற மாதிரி இருக்கு. மேல் மூட்டு இறுகினாலும் இப்படி வரும், மண்டைக்குக் கீழ இருக்கற குட்டித் தசைங்க களைச்சுப் போனாலும் வரும். சிலருக்கு எப்பவோ கார்ல பின்னாடி இடிபட்டதுக்கு அப்புறம் வரும். எலும்புத் தேய்மானம் இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கும், அத மட்டும் குத்தம் சொல்ல முடியாது. நீங்க என்ன வேலை பாத்தீங்க ஆன்ட்டி?"

ரபியா எழுந்து உட்கார்ந்தார். நெடுங்காலமாக அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. ருக்ஸானாவின் உம்மா, நெய்னாவின் வீட்டம்மா என்றுதான் எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

"பாண்டிங்" என்றார். "காலாங் பக்கம் ஒரு அமெரிக்கக் கம்பெனி. பதினெட்டு வயசுல போனேன்."

அது 1978. ரபியாவின் வாப்பாவுக்கு முதலில் சம்மதமில்லை. கம்பெனிப் பேருந்து குடியிருப்பு புளோக்குக்குக் கீழேயே வந்து ஏற்றிக்கொள்ளும் என்று தெரிந்த பிறகுதான் விட்டார். வெள்ளைக் கோட்டு, தலைக்குத் தொப்பி. ரபியா துணியைக் கட்டிக்கொண்டு அதன்மேல் தொப்பியைப் போட்டுக்கொள்வார். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே பல் கிட்டித்துப் போகும் குளிர். நீளமான மேசைகள், மேசைக்கு எட்டு மைக்ரோஸ்கோப். விரல் நகத்தைவிடச் சிறிய மின்னணுச் சில்லு ஒன்று, அதைச் சுற்றி உலோகக் கால்கள். சில்லுக்கும் கால்களுக்கும் இடையில் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்ட வேண்டும். அதற்குத்தான் பாண்டிங் என்று பெயர். ஒரு சில்லுக்குப் பதினான்கு கம்பி. கண்ணை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் மணி அடிக்கும்வரை எடுக்கக் கூடாது.

இடப்பக்கம் தங்கம் உட்காருவாள். தங்கக் கம்பி ஒட்ட வந்தவளுக்குப் பெயரே தங்கம் என்று சூப்பர்வைசருக்கு யாரோ விளக்கிவிட்டார்கள். அதிலிருந்து அவர் கம்பிச் சுருள் தீர்ந்தாலே தங்கத்தைப் பார்த்துச் சிரிப்பார். வலப்பக்கம் சியூ லான். மூவரும் பேசிக்கொள்வது மலாயில். தலையை நிமிர்த்தாமல், உதட்டை அசைக்காமல் பேசக் கற்றுக்கொண்டிருந்தார்கள். தங்கத்துக்கு மாப்பிள்ளை பார்த்ததும், சியூ லான் வீட்டில் பன்றி வளர்த்த கதையும், நெய்னா என்று ஒருவர் பெண் பார்க்க வரப்போகிறார் என்பதும் மைக்ரோஸ்கோப்பின் வெளிச்ச வட்டத்துக்கு மேலேதான் பரிமாறப்பட்டன.

பத்து நிமிட இடைவேளை விடுவார்கள். அப்போது மூவரும் ஓடிப்போய்ப் பின்பக்கப் படிக்கட்டில் ஒருவர் பின் ஒருவராக உட்காருவார்கள். பின்னால் இருப்பவள் முன்னால் இருப்பவளின் கழுத்தைப் பிடித்துவிடுவாள். ஐந்து நிமிடம் ஆனதும் மூவரும் அப்படியே திரும்பி உட்காருவார்கள், இப்போது முதலில் இருந்தவள் கடைசி. மற்றப் பெண்களும் சேர்ந்துகொள்ள, சில நாள் அந்த வரிசை படிக்கட்டு முழுவதும் நீளும். கம்பெனி நர்ஸ் அதைப் பார்த்து ரயில் என்று பெயர் வைத்தார். நோன்பு மாதத்தில் தேநீர் குடிக்க முடியாத ரபியாவுக்குச் சியூ லான் கூடுதலாக இரண்டு நிமிடம் கழுத்தைப் பிடித்துவிடுவாள். "தண்ணி குடுக்க முடியல, இதையாவது வாங்கிக்கோ" என்பாள்.

"அப்பவே வலிச்சுச்சா ஆன்ட்டி?"

"வலிச்சுச்சு. எல்லாருக்கும் வலிச்சுச்சு. அதெல்லாம் வலின்னு நெனக்கல. வேலைன்னா கழுத்து இருக்கத்தானே செய்யும்னு இருந்தோம்." ரபியாவின் முகம் அந்த அறைக்கு வந்தபோது இருந்ததைவிட இளையதாகத் தெரிந்தது. "இருபத்து மூணு வருஷம். கடைசியில மெஷினே ஒட்ட ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் கம்பெனியே வேற நாட்டுக்குப் போயிருச்சு. நாற்காலியெல்லாம் அடுக்கி வச்சுட்டு வந்தோம்."

திவ்யதர்ஷினி குறிப்பெடுப்பதை நிறுத்தியிருந்தாள். "சரி, அது முடிஞ்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவுல வலி இல்ல. இப்ப ஏன் வந்துச்சு? இப்பல்லாம் நாள் பூரா என்ன பண்றீங்க?"

ரபியா கைப்பையில் இருந்து கைத்தொலைபேசியை எடுத்தார்.

ஆண்டின் தொடக்கத்தில் தங்கம் எப்படியோ அவருடைய எண்ணைத் தேடிப் பிடித்தாள். அவள் இப்போது புக்கிட் பாஞ்சாங்கில். பழைய பெண்களைச் சேர்த்து வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கியிருந்தாள். முப்பத்தொரு பேர். தினமும் யாராவது பழைய படம் ஒன்றை அனுப்புவார்கள். குடும்ப தினத்தில் கயிறு இழுத்த படம், மலாக்காவுக்குப் போன பேருந்துப் படம். படத்தில் இருப்பது யார் என்று கண்டுபிடிப்பதிலேயே பொழுது போகும். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு சோபாவின் மூலையில் உட்காரும் ரபியா, நண்பகல் லுஹருக்குப் பாங்கு கேட்கும்போதுதான் எழுந்திருப்பார்.

"எப்படி உக்காருவீங்கன்னு அப்படியே காட்டுங்க."

ரபியா காட்டினார். தொலைபேசி மடியில். சார்ஜர் கம்பி குட்டை, சுவரில் அதற்கான துளை வலப்பக்கம். ஆகவே தலை குனிந்து, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. திவ்யதர்ஷினி பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுத்துக் காட்டினாள். ரபியா அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு குழுவில் தேடி, கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். 1981 என்று பின்னால் எழுதியிருந்ததாம். மேசை வரிசையின் நடுவில், மைக்ரோஸ்கோப்பில் குனிந்த ரபியா. தோள் முன்னுக்கு விழுந்து, தாடை நீண்டு, பிடரி மடங்கி, இரண்டு படத்திலும் அதே கழுத்து.

"இன்னும் அங்கேயேதான் உக்காந்திருக்கேன் போல" என்றார்.

திவ்யதர்ஷினி கண்டிக்கவில்லை. குனிவதில் தப்பில்லை, மணிக்கணக்கில் அசையாமல் இருப்பதுதான் கழுத்துக்கு ஆகாது என்றாள். தலை நாலைந்து கிலோ. தோளுக்கு நேர் மேலே இருக்கும்வரை கழுத்து அதைப் பொருட்படுத்தாது, முன்னால் போகப் போகப் பின்பக்கத் தசைகள் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு இறுகிய மூட்டைக் கையால் மெல்ல அசைத்துவிட்டாள். வீட்டில் செய்யப் பயிற்சி கொடுத்தாள். படுத்தபடி, 'ம்' என்று சொல்வதுபோலத் தாடையை இம்மியளவு உள்ளிழுத்துப் பத்து எண்ணுவது. தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது. இரண்டு தலையணையில் ஒன்றைக் குறைப்பது. தொலைபேசியை உயரமாக நிறுத்தி வைப்பது, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடப்பது.

மாத்திரையை நிறுத்திய முதல் வாரம் வலி கூடித்தான் போயிற்று. இரண்டாவது வாரம் குறைந்தது. மூன்றாவது வாரம் குழுவில் ஒரு செய்தி வந்தது. கம்பெனியில் கடைசி மேசையில் உட்கார்ந்த ஒருத்தி இறந்துவிட்டாள். அன்று முழுவதும் ரபியா தொலைபேசியை விட்டு எழவில்லை. அவள் இருக்கும் படங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். மறுநாள் கண் திறக்க முடியாத வலி.

"மறைக்கல, சொல்லிடறேன்" என்றார் அடுத்த முறை போனபோது. "அத மட்டும் விட முடியல. என்னைத் தெரிஞ்சவங்க எல்லாரும் அதுக்குள்ளதான் இருக்காங்க."

"விடச் சொல்லலயே ஆன்ட்டி. இந்த ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சிங்கப்பூர்லதானே இருக்காங்க? நேர்ல பாக்கலாம்ல?"

அந்த யோசனை தங்கத்துக்கு முன்பே வந்திருந்தது. லிட்டில் இந்தியாவின் டன்லப் தெருவில் பிரியாணி சாப்பிடலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டிருந்தாள். ரபியாதான் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார். நெய்னா விழுந்த நாளுக்குப் பிறகு அவர் லிட்டில் இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. மசாலாவும் அரிசியும் பிடோக்கிலேயே வாங்கிக்கொள்வார்.

அன்று மாலை தங்கத்துக்குத் தொலைபேசினார். "பிடோக்ல வைப்போமே."

"அடியே, நான் புக்கிட் பாஞ்சாங்ல ஏறினா நேரா லிட்டில் இந்தியா. நீயும் பிடோக் நார்த்ல ஏறினா நேரா லிட்டில் இந்தியா. சியூ லான் பொங்கோல், அவளுக்கும் நேர் ரயிலு. மூணு பேருக்கும் நடு அதுதான் லா." தங்கமே தொடர்ந்தாள். "நெய்னா அண்ணன் வேலை பாத்த கடை அங்கதான் இருக்குன்னு எனக்குத் தெரியும். வேணும்னா நான் ஸ்டேஷன்லயே நிக்கறேன், சேந்து போலாம்."

"வேணாம். நான் வந்துர்றேன்."

குறித்த செவ்வாய்க்கிழமை ரபியா அரைமணி முன்னதாகவே லிட்டில் இந்தியா போய்விட்டார். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கால் மறக்கவில்லை. கடை அதே இடத்தில் இருந்தது. வெளியே வெங்காயக் கூடைகள், உள்ளே மல்லியும் சீரகமும் கலந்த நெடி. நெய்னா வீட்டுக்கு வரும்போது சட்டையில் கொண்டுவரும் அதே நெடி. கல்லாவில் தெரியாத முகம். அரிசி மூட்டைகள் இப்போது வேறு பக்கம் அடுக்கப்பட்டிருந்தன. ரபியா உள்ளே போய்க் கொஞ்சம் ஏலக்காயும் பட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். தான் யாரென்று சொல்லவில்லை. மூட்டைகள் முன்பு இருந்த மூலையைப் பார்த்து மனத்துக்குள் துஆ ஓதிவிட்டு, வெளியே வந்தார்.

பிரியாணிக் கடையில் காத்திருந்த தங்கத்துக்குத் தலை முழுவதும் நரைத்திருந்தது. சியூ லான் முன்பைவிடக் குள்ளமாகத் தெரிந்தாள். இருபத்து மூன்று ஆண்டு ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள், எதிரெதிரே உட்கார்ந்து சிரித்தார்கள். மலாய் தானாக நாக்கில் வந்தது.

கழுத்துப் பேச்சு வராமல் இருக்குமா? தங்கம் சட்டைக் கழுத்தை விலக்கித் தழும்பைக் காட்டினாள். அவளுக்குக் கழுத்தெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு பிதுங்கி, நரம்பை அழுத்தி, கை விரல்கள் மரத்துப் போயின. முன்கழுத்து வழியாக அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். "உனக்குத் தலைக்கு ஏறுச்சு, எனக்குக் கைக்கு இறங்குச்சு" என்றாள். சியூ லானுக்குக் கழுத்தில் ஒன்றுமே இல்லை. மூன்று பேரும் ஒரே மேசையில்தான் குனிந்திருந்தார்கள். ஏன் இப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. "எனக்கு முழங்கால்" என்றாள் சியூ லான், விட்டுக்கொடுக்காமல்.

மூன்று மாதம் கழித்துத் திவ்யதர்ஷினி மறுபடியும் தலையை ஏந்தித் திருப்பிப் பார்த்தாள். வலப்பக்கம் இடப்பக்கத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. தினமும் வந்த வலி இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது, வந்தாலும் பயமுறுத்துவதில்லை. மழை நாளில் கழுத்து இறுகும். அப்போது ருக்ஸானாவிடம் "இன்னிக்கு வலிக்குது" என்று ரபியா வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். அதைக் கேட்டுத்தான் மகள் நிம்மதியாகத் தூங்குகிறாளாம்.

செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு மாதத்துக்கு ஒருமுறை என்று நிலைத்துவிட்டது. சில மாதம் எட்டுப் பேர், சில மாதம் இவர்கள் மூவர் மட்டும். சென்ற மாதம் பெரிய சண்டை. பாண்டிங் பெண்கள் போட்டது நீலத் தொப்பி என்கிறார் ரபியா. பச்சை என்கிறாள் தங்கம், நீலம் தரம் பார்ப்பவர்களுக்காம். சியூ லான் இரண்டுமில்லை, மஞ்சள் என்று சொல்லிவிட்டு மீன் தலைக் கறியில் இறங்கிவிட்டாள். கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை. குழுவில் கேட்டால் முப்பது பேரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். தன்னுடைய தொப்பி அலமாரிக்கு மேலே எங்கேயோ ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, அடுத்த மாதம் கொண்டுவந்து முகத்தில் எறிகிறேன் என்றாள் தங்கம். அடுத்த மாதம் வந்தது. ஏணியில் ஏற மகன் விடவில்லை என்றாள். ரபியா நம்பவில்லை.